பழந்தானுந்துகளின் அசல்நிலையும் மெய்த்தன்மையும்

பழந்தானுந்து ஒன்றின் அசல்நிலை என்பது, தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் அது கொண்டிருந்த பாகங்களில் எவ்வளவு இன்றும் அதில் எஞ்சியுள்ளது என்பதைக் குறிக்கும். மெய்த்தன்மை என்பது, ஓர் ஊர்தி எதுவென்று கூறப்படுகிறதோ உண்மையில் அதுவேதானா என்பதைக் குறிக்கும். இவ்விரண்டும் ஒன்றெனப் பலராலும் கருதப்படுகின்றன. ஆனால் அவை வெவ்வேறானவை. அசல் பாகங்கள் மிகக் குறைவாக உள்ள ஊர்தியும் மெய்யானதாக இருக்கலாம். அசல் பாகங்கள் பல இருந்தும் ஓர் ஊர்தி பொய்யானதாக இருக்கலாம். இவ்வேறுபாடு முதன்மையாகப் பிரித்தானிய விளையாட்டுத் தானுந்துகளை ஒட்டியே விரிவாக விவாதிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இக்கேள்வி சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஊர்தியிலும், எஞ்சியுள்ள சில எம்.ஜி., ஜாகுவார் வகை ஊர்திகளிலும் எழுகிறது. ஊர்தியின் விலை மட்டுமன்றி, அதன் பதிவுச் சான்றிதழும் சாலையில் ஓடும் உரிமையும் இக்கேள்விக்கான விடையைப் பொறுத்தவை.

அடிப்படைக் கேள்வி

பாகங்கள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட பொருள் பழைய பொருள்தானா என்பது பழமையான மெய்யியல் புதிர். கிரேக்கர்கள் இதனைத் தீசியசின் கப்பலை வைத்துப் பேசினர். தமிழ் வாசகருக்கு அத்தனை தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருவாரூர் ஆழித்தேர் 1926 இல் தீக்கிரையானது. அதனிடத்தில் புதிய தேர் செய்யப்பட்டு 1930 இல் ஓடியது. பின்னாளில் திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனத்தின் உதவியால் அதற்கு நீரியல் தடுப்பான்கள் பொருத்தப்பட்டன. எனினும் அது ஆழித்தேர் அல்ல என்று எவரும் கூறுவதில்லை. அதே கோயிலின் உடைமையாக, அதே திருவிழாவில், அதே வீதிகளில் அது ஓடுகிறது. அங்கே அடையாளம் மரத்தில் இல்லை, தொடர்ச்சியில் உள்ளது. தொல்லியலாளர் ஒருவர் அதே தேரில் 1926 க்கு முந்தைய மரச் சிற்பங்களைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பக்தரும் தொல்லியலாளரும் வெவ்வேறு கேள்விகளைக் கேட்கின்றனர்; இருவரின் விடைகளும் சரியே.

தானுந்துகளிலும் நிலைமை இதுவே. ஆனால் தேரை எவரும் விற்பதில்லை; தானுந்து விற்கப்படுகிறது. எனவே இரு கேள்விகளையும் கலந்துவிடுவதால் பணம் ஈட்டுவோர் தோன்றுகின்றனர்.

ஓல்டு நம்பர் ஒன் வழக்கு

இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு 1990 ஆம் ஆண்டு இலண்டன் உயர்நீதிமன்றத்தில் வழங்கப்பட்டது. வழக்கிற்குரிய ஊர்தி "ஓல்டு நம்பர் ஒன்" என அறியப்படும் பென்ட்லி ஸ்பீடு சிக்சு ஆகும். அது 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்றது. ஒரே ஊர்தி அடுத்தடுத்த ஆண்டுகளில் அப்பந்தயத்தை வெல்வது அரிய நிகழ்வு.

வெற்றிக்குப் பிறகும் அது பந்தய ஊர்தியாகவே பயன்பட்டது. அதன் பாகங்கள் மாற்றப்பட்டன. பின்னர் 8 லிட்டர் கொள்ளளவுள்ள பெரிய பொறி பொருத்தப்பட்டது. 1932 இல் புரூக்லாண்ட்சு ஓடுதளத்தில் நிகழ்ந்த விபத்தில் அதன் ஓட்டுநர் கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். சிதைந்த ஊர்தி மீண்டும் கட்டப்பட்டு, புதிய உடலம் பெற்று, சாலை ஊர்தியாக ஓடியது. பல பதிற்றாண்டுகளுக்குப் பின் அதனைப் பந்தய வடிவத்திற்கு மீட்டனர். 1990 இல் அதனை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தமிட்ட நிறுவனம், இது லெ மானில் வென்ற ஊர்தி அல்ல எனக் கூறிப் பணம் தர மறுத்தது. விற்றவர் வழக்குத் தொடர்ந்தார்.

நீதிபதி ஓட்டன் விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார். பந்தயக் காலத்துப் பாகங்களில் மிகச் சிலவே எஞ்சியிருந்தன என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆகையால் அதனை அசல்நிலை ஊர்தி எனக் கூற இயலாது. ஆயினும் எந்த ஒரு கட்டத்திலும் அந்த ஊர்தி இல்லாமற்போய் வேறொன்று அதன் இடத்தைப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு மாற்றமும் முந்தைய நிலையிலிருந்து தொடர்ந்து வந்தது. அதன் பெயரை உரிமை கோரும் வேறு ஊர்தியும் இல்லை. எனவே அது மெய்யான ஓல்டு நம்பர் ஒன் என்பது தீர்ப்பின் சாரம். தேர் குறித்துப் பக்தர் தரும் விடையும் இதுவேயாகும்.

அசல்நிலையை அறியும் முறைகள்

அசல்நிலையை ஆராய்வோர் முதலில் எண்களைப் பார்க்கின்றனர். பிரித்தானிய ஊர்திகளில் அடிச்சட்டம், பொறி, பற்சக்கரப் பெட்டி, சில வகைகளில் உடலம் ஆகிய ஒவ்வொன்றும் தனி எண் கொண்டிருக்கும். தொழிற்சாலைப் பேரேட்டில் ஒன்றாகப் பதிவான எண்கள் ஊர்தியிலும் ஒன்றாக இருப்பின் அது எண் பொருத்தம் எனப்படும். இங்கிலாந்தின் கேடன் என்னும் சிற்றூரிலுள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம் எம்.ஜி., ஆஸ்டின், டிரையம்ப் முதலிய நிறுவனங்களின் உற்பத்திப் பேரேடுகளைப் பாதுகாத்து, கட்டணம் பெற்று மரபுச் சான்றிதழ் வழங்குகிறது. கட்டப்பட்ட நாள், பொறி எண், வண்ணம், அனுப்பப்பட்ட நாடு போன்ற விவரங்கள் அதில் இருக்கும்.

எண்களுக்குப் பின்னால் சில வேளைகளில் சுவையான வரலாறும் உண்டு. 1945 இல் உற்பத்தியாகத் தொடங்கிய எம்.ஜி. டி.சி. வகையின் முதல் அடிச்சட்ட எண் ஒன்று அல்ல, 251 ஆகும். ஆபிங்டனில் இருந்த எம்.ஜி. தொழிற்சாலையின் தொலைபேசி எண் அது. எனவே 251 க்குக் குறைந்த எண்ணுள்ள டி.சி. ஊர்தி எவரிடமாவது இருந்தால், அதன் அருமையைக் குறித்து வியப்பதற்கு முன் எண்ணைப் பொறித்தவர் யார் என்று கேட்பது நல்லது.

எண்களுக்கு அடுத்து பொருட்கள். டி.சி. ஊர்தியின் உடலம் முழுவதும் இரும்பால் ஆனது அன்று. ஆஷ் என்னும் மரத்தால் சட்டகம் கட்டி, அதன்மேல் தகடு போர்த்தியிருப்பர். மரச் சட்டகம் உளுத்துப்போனால் கதவுகள் தொங்கும். தகடு நன்றாக இருந்தும் ஊர்தி தளர்ந்துவிடும். ஆஷ் மரம் தமிழ்நாட்டில் வளர்வதில்லை. எனவே நம் தச்சர்கள் கைக்கெட்டிய தேக்கு முதலிய மரங்களால் சட்டகத்தைச் செய்து தருவது இயல்பு. தேக்கு கறையானை நன்கு தாங்கும் என்பதால் பயன்பாட்டு நோக்கில் இது தாழ்ந்த வேலை அன்று. ஆனால் அசல்நிலைக் கணக்கில் அது ஓர் இழப்பு.

இருக்கைகளும் இவ்வாறே. எம்.ஜி. ஊர்திகளில் உடல் படும் பரப்புகளுக்கு மட்டுமே தோல் இடப்பட்டது. பக்கங்களுக்கும் பின்புறத்திற்கும் தோல் போன்ற பூச்சுத்துணியே இடப்பட்டது. செலவைக் குறைப்பதற்காகத் தொழிற்சாலை செய்த ஏற்பாடு அது. இன்று பல உரிமையாளர்கள் இருக்கை முழுவதையும் தோலால் போர்த்துகின்றனர். பார்வைக்கு அழகாக இருக்கும் அந்த இருக்கை அசலானது அன்று. அக்காலச் செல்லுலோசு வண்ணத்தை விடப் பல மடங்கு பளபளக்கும் இன்றைய வண்ணப்பூச்சும், இடைவெளி துளியுமின்றி இணைக்கப்பட்ட கதவுகளும் அவ்வாறே. தொழிற்சாலை ஒருபோதும் எட்டாத நேர்த்திக்கு ஊர்தியைக் கொண்டு செல்வது மிகைச்செப்பனிடல் எனப்படும். நீண்ட காலம் போட்டிகளில் இத்தகைய ஊர்திகளே பரிசு பெற்றன. அண்மைப் பதிற்றாண்டுகளில் மங்கிய வண்ணத்துடனும் கிழிந்த இருக்கையுடனும் தொடப்படாமல் எஞ்சிய ஊர்திகளுக்கெனப் போட்டிகளில் தனிப்பிரிவுகள் ஏற்பட்டுள்ளன. இது வரவேற்கத்தக்க மாற்றம். செப்பனிட்ட ஊர்தியை மறுபடியும் செப்பனிடலாம். அசல் வண்ணத்தை ஒரு முறை சுரண்டிவிட்டால் அது மீண்டும் கிடைக்காது.

மின்னமைப்பில் செய்யப்படும் மாற்றங்கள் வேறு வகையின. 1960களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான பிரித்தானிய ஊர்திகளில் மின்கலத்தின் நேர்முனை அடிச்சட்டத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய கருவிகள் யாவும் எதிர்முனை இணைப்பையே வேண்டுகின்றன. இணைப்பை மாற்றி, டைனமோவை எடுத்துவிட்டு மாற்றுமின்னாக்கியைப் பொருத்தினால் இரவில் ஓட்டுவது எளிது. பழைய பாகத்தை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தி, எதையும் வெட்டாமல், துளையிடாமல் செய்தால் இம்மாற்றம் மீளக்கூடியது. மீளக்கூடிய மாற்றத்தைப் பேணுநர்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கின்றனர். பழமை ஊர்திகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா 2012 இல் ஏற்றுக்கொண்ட தூரின் பட்டயமும் வரலாற்றுச் சான்றைக் குலைக்காமல், ஒவ்வொரு தலையீட்டையும் ஆவணப்படுத்திப் பேணுவதையே வலியுறுத்துகிறது.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு

தமிழ்நாட்டிற்கு வந்த பிரித்தானிய விளையாட்டுத் தானுந்துகள் எண்ணிக்கையில் சிறியவை. 1950களின் முற்பகுதியில் இந்திய அரசு, நாட்டில் உற்பத்தித் திட்டம் இல்லாத நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என்ற கொள்கையை மேற்கொண்டது. அதன்பின் உயர்ந்த சுங்க வரியும் இறக்குமதி உரிமமும் வெளிநாட்டு ஊர்திகளின் வரவை ஏறத்தாழ நிறுத்தின. அதற்கு முன் தோட்ட முதலாளிகள், ஆங்கிலேய அலுவலர், சமீன்தார்கள் போன்றோர் கொண்டுவந்தவையும், பின்னர் தூதரகங்கள் வழியாக வந்தவையுமே எஞ்சின.

ஆனால் ஒரு பிரித்தானிய விளையாட்டு ஊர்தியின் நெருங்கிய உறவு சென்னையிலேயே கட்டப்பட்டது. கவென்ட்ரி நகரின் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1948 இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்சு ஆஃப் இந்தியா நிறுவனம், சென்னையை அடுத்த வண்டலூரில் தொழிற்சாலை நடத்தியது. 1961 முதல் அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஊர்தியை வெளியிட்டது. இது இங்கிலாந்தில் 1959 இல் வந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் ஆகும். இத்தாலிய வடிவமைப்பாளர் சொவான்னி மிக்கெலோட்டி அதற்கு உருவம் தந்தார்.

பட்டறைகளில் சேசிசு எனப்படும் அடிச்சட்டம் ஹெரால்டில் உடலத்திலிருந்து தனியாக உள்ளது. அக்காலத்தில் பிற நிறுவனங்கள் உடலத்தையும் அடிச்சட்டத்தையும் ஒன்றாக்கிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனத்திற்கு உடலம் செய்து தந்த ஆலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டதால், உடலத்தைப் பல துண்டுகளாகப் பல இடங்களில் செய்து திருகாணியால் பூட்டும் முறையை அது தேர்ந்தது. முன்மூடி பக்கவாட்டுத் தகடுகளோடு சேர்ந்து முன்னோக்கித் திறக்கும். சக்கரத்தின் மேல் அமர்ந்தே பொறியைப் பழுதுபார்க்கலாம். சுமார் 25 அடி வட்டத்தில் ஊர்தி திரும்பிவிடும். இந்த அடிச்சட்டத்தின் வழிவந்த, குறுக்கப்பட்ட சட்டத்தின் மேல்தான் 1962 இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் விளையாட்டு ஊர்தி எழுந்தது. ஹெரால்டின் அச்சிடைத் தொலைவு 91.5 அங்குலம், ஸ்பிட்ஃபயரின் தொலைவு 83 அங்குலம்.

இந்த உறவே ஐயத்திற்கும் இடம் தருகிறது. தனி அடிச்சட்டத்தின் மேல் வேறு உடலத்தை ஏற்றுவது எளிது. சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களுக்காகச் சென்னையிலும் பிற ஊர்களிலும் கட்டப்பட்ட பந்தய ஊர்திகளில் ஹெரால்டின் பாகங்கள் பயன்பட்டன. பந்தயத்திற்காகக் கட்டியதைப் பந்தய ஊர்தி என்றே கூறி விற்றால் அது நேர்மையான வரலாற்றுப் பொருள். உள்ளூர்ப் பொறியியலின் சான்றும் கூட. அதே ஊர்திக்கு ஸ்பிட்ஃபயரின் முத்திரையைப் பொருத்தி அப்பெயரில் விற்றால் அது போலி. இரும்பு ஒன்றே, கூற்று மட்டுமே மாறுகிறது.

ஹெரால்டு வேறொரு சிக்கலையும் முன்வைக்கிறது. இங்கிலாந்தில் விற்கப்பட்ட ஹெரால்டுகளில் நான்கு கதவு வகை இல்லை. அங்கு பொறியின் கொள்ளளவு 948 கன செ.மீ. இலிருந்து 1147 ஆகவும் பின்னர் 1296 ஆகவும் கூடியது. இந்தியாவிலோ 948 கன செ.மீ. பொறியே தொடர்ந்தது. குடும்பத்துடன் செல்லும் இந்திய வாடிக்கையாளருக்காக 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவு வகை உருவானது. பின்னர் வந்த ஸ்டாண்டர்டு கசல் வகையில் பின் அச்சின் அமைப்பே மாற்றப்பட்டது. எனவே நான்கு கதவு ஹெரால்டை இங்கிலாந்திலிருந்து வரவழைத்த பாகங்களால் "அசலாக்க" முயல்பவர், இல்லாத ஒரு மூலத்தைத் தேடுகிறார். ஸ்டாண்டர்டு முத்திரையைக் கழற்றிவிட்டு டிரையம்ப் முத்திரையைப் பொருத்துவதும் இத்தகையதே. சில உரிமையாளர்கள் இதனை மேம்பாடு என்று கருதுகின்றனர். உண்மையில் அது வண்டலூர்த் தொழிலாளரின் வேலையை அழித்துவிட்டு, கவென்ட்ரியின் பெயரை அதன்மேல் எழுதுவதாகும். கவென்ட்ரியின் பேரேடு வண்டலூரில் உருவான ஊர்திக்குச் சான்று ஆகாது. அதன் மூலம் வண்டலூரே.

உதிரிப்பாகங்களுக்கும் இது பொருந்தும். 1911 இல் மதுரையில் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனம், 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பாடியில் பிரித்தானிய நிறுவனங்களுடன் கூட்டாகப் பல தொழிற்சாலைகளை நிறுவியது. லூக்காசு டிவிஎசு மின்கருவிகளையும், பிரேக்சு இந்தியா தடுப்பான்களையும், வீல்சு இந்தியா சக்கரங்களையும் செய்தன. வடிவமைப்பு பிரித்தானியாவினுடையது, உழைப்பு பாடியினுடையது. உள்நாட்டுப் பாகங்களுடன் வெளிவந்த ஹெரால்டில் பாடியில் செய்த டைனமோ அசல் பாகம். 1949 ஆம் ஆண்டு எம்.ஜி. ஊர்தியில் அதே டைனமோ மாற்றுப் பாகம். ஒரு பாகம் அசலா என்பது அப்பாகத்தை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடியது அன்று.

திண்டுக்கல் வட்டாரச் சூழல்

பழைய ஊர்தி எந்நிலையில் எஞ்சும் என்பதைத் தட்பவெப்பம் பெரிதும் தீர்மானிக்கிறது. திண்டுக்கல் நகரும் அதைச் சூழ்ந்த சமவெளியும் மேற்கே பழனி மலைக்கும் கிழக்கே சிறுமலைக்கும் இடையே அமைந்துள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழை குறைவு. கடலின் உப்புக்காற்றும் எட்டுவதில்லை. ஆகையால் சென்னைக் கடற்கரையில் துருவேறி உதிரும் தகடும் அடிச்சட்டமும் இங்கு நெடுநாள் நிலைக்க வாய்ப்புண்டு. ஆனால் வறண்ட வெப்பம் வேறு வகையில் கெடுக்கிறது. இரப்பர் வெடிக்கிறது. பழைய கம்பிகளின் துணி உறை நொறுங்குகிறது. மரச் சட்டகம் சுருங்கி மூட்டுகள் தளர்கின்றன. எனவே சமவெளியில் நீண்ட நாள் நின்ற ஊர்தியில் இரும்பு அசலாகவும் மென்பொருட்கள் மாற்றப்பட்டவையாகவும் இருப்பது எதிர்பார்க்கத்தக்கது. ஈரம் மிகுந்த கொடைக்கானலில் நின்ற ஊர்தியில் இதற்கு மாறான நிலையைக் காணலாம்.

இவ்வட்டாரத்தின் கைத்தொழில்களும் இப்பொருளோடு தொடர்புடையவை. திண்டுக்கல் நகரின் தோல் பதனிடும் தொழிலும் நாகல் நகர்ப் பகுதியின் பூட்டுத் தொழிலும் பரவலாக அறியப்பட்டவை. பூட்டுத் தொழிலாளர் சாவியை அரத்தால் கையாலேயே அராவி உருவாக்குவர். 1950களின் பிரித்தானிய ஊர்திகள் பலவற்றில் மின்பூட்டின் முகப்பிலேயே சாவியின் குறியெண் பொறிக்கப்பட்டிருக்கும். திருடருக்கும் அது உதவும் என்பதைச் செய்தவர்கள் பெரிதாக எண்ணவில்லை போலும். அசல் சாவி தொலைந்த ஊர்திக்கு அக்குறியெண்ணைக் கொண்டு சாவி தேடலாம், அல்லது பூட்டைக் கழற்றிக் கைவினைஞரிடம் தரலாம். பூட்டையே மாற்றிவிடுவதை விட இரண்டாவது வழி சிறந்தது. சாவி புதிது, பூட்டு அசலாகவே எஞ்சும்.

திண்டுக்கல் பூட்டு 2019 இல் புவியியல் குறியீடு பெற்றது. அக்குறியீடு காப்பதும் மெய்த்தன்மையே, ஆனால் அது வேறொரு வகை. நேற்றுச் செய்த பூட்டும், உரிய இடத்தில் உரிய முறையில் செய்யப்பட்டிருந்தால், மெய்யான திண்டுக்கல் பூட்டு ஆகும். அங்கு தொழில்முறையும் இடமும் போதும். பழந்தானுந்துக்கு அவை போதா. 2014 இல் ஜாகுவார் நிறுவனம், 1960களில் திட்டமிட்டுக் கட்டாமல் விட்ட ஆறு எடைகுறைந்த இ வகைப் பந்தய ஊர்திகளைப் பழைய வரிசை எண்களைக் கொண்டே கட்டப்போவதாக அறிவித்தது. அதே நிறுவனம், அதே வடிவமைப்பு. பூட்டின் அளவுகோலில் அவை மெய்யானவை. ஆயினும் சேகரிப்பாளர் அவற்றைத் தொடர் உற்பத்தி என்று தனியே பிரித்து, 1963–64 இல் கட்டிய பன்னிரண்டு ஊர்திகளோடு சேர்ப்பதில்லை. அவை அந்த ஆண்டுகளை வாழவில்லை என்பதே காரணம்.

சட்டம்

ஐக்கிய இராச்சியத்தின் ஊர்திப் பதிவு அமைப்பு, பெருமளவு மாற்றப்பட்ட ஊர்திகளின் அடையாளத்தை நீண்டகாலம் புள்ளி முறையில் தீர்மானித்தது. அடிச்சட்டத்திற்கு 5 புள்ளிகள். தொங்கலமைப்பு, அச்சுகள், விசைமாற்று அமைப்பு, திருப்பு அமைப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளிகள். பொறிக்கு 1 புள்ளி மட்டுமே. குறைந்தது 8 புள்ளிகள் பெற்றால் பழைய பதிவெண் தொடரும். விதிகள் 2025 இல் தளர்த்தப்பட்டன. பொறிக்குத் தரப்பட்ட ஒற்றைப் புள்ளி கருதத்தக்கது. பொறி தேயும் பாகம். பந்தய ஊர்தியில் ஒரே பருவத்தில் இருமுறை மாறக்கூடியது என்ற பட்டறிவு அதில் உள்ளது.

இந்தியாவில் 2021 சூலை 15 அன்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழமை ஊர்திகளுக்கெனத் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேலான, வணிக நோக்கில் பயன்படாத இருசக்கர, நான்கு சக்கர ஊர்திகள் இதன்கீழ் வரும். அடிச்சட்டம், உடலம், பொறி ஆகியவற்றில் மாற்றம் உள்ளிட்ட பெருஞ்சீரமைப்பு எதுவுமின்றி ஊர்தி அசல் வடிவில் பேணப்பட்டிருத்தல் வேண்டும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சி, ஊர்வலம், ஆய்வு, எரிபொருள் நிரப்பல், பழுதுபார்த்தல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் செல்லலாம்.

இங்கிலாந்தில் பதினான்கில் ஒரு பங்காக இருந்த பொறி, இந்திய விதியில் மூன்று தூண்களில் ஒன்றாகிறது. இதற்குக் காரணம் உண்டு. இந்தியப் பதிவுச் சான்றிதழில் அடிச்சட்ட எண்ணும் பொறி எண்ணும் இணைந்தே ஊர்தியின் அடையாளமாக நிற்கின்றன. திருட்டு ஊர்தியைக் கண்டறிய அது பயன்படுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவும் தயாரிப்பாளர் தந்த வடிவத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

ஆனால் இந்நாட்டுப் பழைய ஊர்திகளின் வாழ்க்கை இவ்விதியோடு எளிதில் பொருந்துவதில்லை. எண்ணெய் விலை ஏறிய 1970களிலும் அதன் பின்னும் பெட்ரோல் பொறியை எடுத்துவிட்டு டீசல் பொறியைப் பொருத்துவது பரவலாக இருந்தது. அவ்வாறு செய்ததால்தான் பல ஊர்திகள் காயலான் கடைக்குச் செல்லாமல் தப்பின. முப்பது ஆண்டுகள் டீசலில் ஓடிய ஊர்தி ஓட்டன் தீர்ப்பின்படி மெய்யானது, இந்திய விதியின்படி அசல் வடிவில் இல்லாதது. உரிமையாளர் அதே வகைப் பெட்ரோல் பொறி ஒன்றைத் தேடிப் பொருத்தினால் வடிவம் மீள்கிறது; எண் பொருந்தாது. அப்போது நேர்மையான வழி, பொறி மாற்றத்தைப் பதிவு அலுவலகத்தில் அறிவித்துச் சான்றிதழில் ஏற்றுவது. பழைய எண்ணைப் புதிய பொறியில் பொறித்துவிடுவது குறுக்குவழி. அது குற்றமும் ஆகும். எண்ணை அராவி மீண்டும் பொறித்த தடத்தைத் தடய அறிவியல் முறைகளால் வெளிக்கொணரலாம். ஏனெனில் அச்சுக் குத்தும்போது மேற்பரப்பின் கீழுள்ள உலோகமும் அழுந்தியிருக்கும்.

இதைவிடக் கொடியது, அழிந்துபோன ஊர்தியின் சான்றிதழை மட்டும் வாங்கி, அதன் எண் தகட்டை வேறோர் ஊர்தியில் பொருத்துவது. அங்கு எண்கள் அனைத்தும் பொருந்தும். ஆவணமும் அசலாக இருக்கும். ஊர்தி மட்டும் பொய். எண் பொருத்தத்தை மட்டும் நம்புவோர் இதில் எளிதில் ஏமாறுவர்.

பதிவெண்ணை ஆவணமாகப் படித்தல்

2021 விதி, முன்பே பதிவான ஊர்திகள் தம் பழைய எண்ணை வைத்துக்கொள்ள இடமளிக்கிறது. புதிதாகப் பதிவாகும் ஊர்திகளுக்கு மாநிலக் குறியீட்டை அடுத்து வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். பழைய எண்ணைக் காப்பாற்றுவது வெறும் ஆசை அன்று. இந்தியாவில் மாநில ஈரெழுத்துக் குறியீட்டு முறை 1989 இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வேறு எழுத்துத் தொடர்கள் இருந்தன. திண்டுக்கல் மாவட்டம் 1985 இல்தான் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. எனவே 1950களில் திண்டுக்கல்லில் வாங்கிய ஊர்தி மதுரை மாவட்டப் பதிவையே கொண்டிருந்திருக்கும். டி.என். 57 என்ற திண்டுக்கல் குறியீட்டுடன் நிற்கும் 1949 ஆம் ஆண்டு எம்.ஜி. ஊர்தியிடம், 1989 க்குப் பின் அந்த எண் ஏன் தேவைப்பட்டது என்று கேட்கலாம். பிற மாநிலத்திலிருந்து வந்திருக்கலாம். பதிவு காலாவதியாகி, அறுபட்டு, மறுபடியும் செய்யப்பட்டிருக்கலாம். காரணம் எதுவாயினும் பழைய சான்றிதழ் நூல், வரிச் சீட்டுகள், காப்புறுதித் தாள்கள், பட்டறைச் சிட்டைகள், வீட்டு வாசலில் நின்று எடுத்த குடும்பப் புகைப்படம் ஆகியவற்றில் அதற்கான விடை இருக்கக்கூடும். ஊர்தியை விற்போர் வீட்டைக் காலி செய்கையில் முதலில் எறிவது இத்தாள்களையே.